டோட்ஷ்லாக்கும் கைமோசக் கொலையும்

கேள்வி: வணக்கம் மேடம். நான் கோயம்புத்தூர். கணவரின் வேலைக்காக ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரத்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஜெர்மன் மொழியில் சி1 நிலை முடித்திருக்கிறேன். இங்கே ஓர் ஆலோசனை மையத்துக்குத் தமிழர்கள் வரும்போது மொழிபெயர்த்து உதவுகிறேன். குற்றம், காவல்துறை, நீதிமன்றம் சம்பந்தமான 60 ஜெர்மன் சொற்களைக் கொடுத்து, தமிழில் பட்டியல் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். அகராதியில் தமிழ் கிடைக்காத இடங்களில் ஆங்கிலம் பார்த்து, அதிலிருந்து தமிழாக்கினேன். பட்டியலை இணைத்திருக்கிறேன். சரிபார்த்து, ஒவ்வொன்றுக்கும் சரியான ஒரே ஒரு தமிழ்ச் சொல் தர முடியுமா? இன்னொன்று: போன வாரம் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் ‘பெஷுல்டிக்டர்’ என்று போட்ட போலீஸ் கடிதத்தைக் கொண்டுவந்தார். ‘நீங்க குற்றவாளின்னு வந்திருக்கு’ என்றேன். அழுதுவிட்டார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேனா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

மேடம் வேண்டாம், அக்கா என்றே எழுதுங்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அங்கே ஒரு மனிதர் அழுதுகொண்டு இருக்கிறார். ஆம், தப்பாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ‘ஷுல்ட்’ என்றால் குற்றம், ஆகவே பெஷுல்டிக்டர் என்றால் குற்றவாளி என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்தச் சொல்லின் பொருள் ‘பழி சுமத்தப்பட்டவர்’ என்பது மட்டும்தான். பழி உண்மையா பொய்யா என்று இன்னும் ஒருவரும் தீர்க்கவில்லை. ஜெர்மன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், வழக்கு நகர நகர ஒரே ஆளின் பெயரை மாற்றிக்கொண்டே போகும். விசாரணை நடக்கும்வரை அவர் பெஷுல்டிக்டர். குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் ஆன்கெஷுல்டிக்டர். வழக்கை எடுத்து நடத்தலாம் என்று கோர்ட் உத்தரவிட்ட பிறகு ஆன்கெக்லாக்டர். தீர்ப்பு எதிராக வந்தால்தான் ஃபெர்உர்டைல்டர். உங்கள் ‘குற்றவாளி’ அந்தக் கடைசிப் படிக்கு உரியவர்.

முதல் படிக்கு யாழ்ப்பாணத்து ஆளிடம் ‘சந்தேக நபர்’ என்றால் போதும். ஊர்ப் பேப்பரில் தினமும் வாசித்த சொல். கோயம்புத்தூர்க்காரரிடம் ‘சந்தேகத்தின் பேரில் உங்களை விசாரிக்கிறார்கள்’ என்று கொஞ்சம் நீட்டிச் சொல்லலாம். ஆன்கெக்லாக்டருக்கு இரண்டு ஊர்க் கோர்ட்டிலும் ‘எதிரி’ என்று ஒரு சொல் புழங்குகிறது. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் அதைச் சொன்னால், ‘அன்ரி, எனக்கு எதிரி யார்?’ என்று கேட்கும். எனக்கு நடந்தது.

பெஷுல்டிக்டர் என்ற பெயர் ஒட்டிய நிமிடத்திலிருந்து அவருக்கு வாய் திறக்காமல் இருக்கும் உரிமை வந்துவிடுகிறது. பெயர், பிறந்த திகதி, முகவரி போன்றவற்றைச் சொல்ல வேண்டும். நடந்த சம்பவத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பொலிஸ் கூப்பிட்டால் போகாமலும் இருக்கலாம். அரச சட்டத்தரணியோ நீதிபதியோ கூப்பிட்டால் போக வேண்டும். அதே கடிதத்தில் ‘ட்சொய்கெ’ என்று இருந்தால் அவர் சாட்சி, அவருக்கு விதிகள் வேறு. நீங்கள் குற்றவாளி என்றதும் மனுஷன், ‘இனி என்ன, தீர்ப்பே வந்துவிட்டது’ என்று மனசு விட்டிருப்பார். அவரைத் திரும்பக் கூப்பிட்டு, உரிமைகள் பற்றிக் கடிதத்தில் உள்ள பகுதியை வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். ‘போங்கள்’ என்றோ ‘போகாதீர்கள்’ என்றோ மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது சட்டத்தரணியின் வேலை.

(ஷுல்ட் இன்னொரு வகையிலும் காலை வாரும். ஜெர்மனில் குற்றத்துக்கும் கடனுக்கும் அதே சொல். உங்கள் மையத்திலும் ‘ஷுல்ட்னர்பெராட்டுங்’ என்று ஒரு கதவில் எழுதியிருக்கும். குற்றம் செய்தவர்களுக்குப் புத்தி சொல்லும் அறை என்று நினைத்து, ஓர் ஐயா அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று நின்றார். அது கடனில் மாட்டியவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அறை. அவருக்குத் தேவையாக இருந்ததும் அதுதான்.)

இனிப் பட்டியல். பாதிக்கு மேல் நன்றாக இருக்கிறது. கொலை முயற்சி, ஆள்கடத்தல், கள்ளநோட்டு, பொய்ச்சாட்சி, இவற்றில் கை வைக்க ஒன்றுமில்லை. பிழைத்தவை எல்லாம் ஒரே பாதையால் வந்து பிழைத்திருக்கின்றன: ஜெர்மனில் இருந்து ஆங்கிலம், ஆங்கிலத்தில் இருந்து தமிழ். சமையல் குறிப்புக்கு அந்தப் பாதை போதும். குற்றச் சட்டத்தில் போதாது. நம் தமிழ்ச் சட்டச் சொற்களே ஆங்கிலச் சட்டத்தின் அச்சில் வார்த்தவை. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் வந்தது. இலங்கையின் 1883 சட்டம் அதைப் பார்த்து எழுதியது. 2024 ஜூலை முதல் இந்தியாவில் கொலைக்கான 302ஆம் பிரிவு 103 ஆகிவிட்டது, ஆனாலும் உள்ளே இருக்கும் பிரிப்புகள் பெரும்பாலும் பழையவைதான். ஜெர்மன் தண்டனைச் சட்டம் 1871ஆம் ஆண்டினது. அவர்கள் குற்றங்களைக் கூறு போட்ட விதமே வேறு.

உங்கள் 14ஆம் சொல்லைப் பாருங்கள். டோட்ஷ்லாக். ஆங்கில அகராதி ‘மேன்ஸ்லாட்டர்’ என்கிறது. அதற்குத் தமிழ் தேடியபோது இலங்கைச் செய்தி ஒன்றில் ‘கைமோசக் கொலை’ கிடைத்திருக்கிறது, போட்டுவிட்டீர்கள். அந்தத் தமிழ்ச் சொல்லைக் கேட்டால் ஏதோ கை தவறி நடந்தது போலத்தான் காதில் விழும். டோட்ஷ்லாக்கில் கை தவறவில்லை. கொல்ல வேண்டும் என்று நினைத்துக் கொன்றிருக்கிறார். 212ஆம் பிரிவு, ஐந்து வருடத்துக்குக் குறையாத சிறை, 15 வருடம் வரை போகலாம், மிக மோசமான வழக்கில் ஆயுளும் உண்டு. நம் ஊரில் பலவேளை 302 என்று சொல்லி ஆயுள் கொடுத்திருக்கக்கூடிய கொலை இங்கே டோட்ஷ்லாக்காக முடியும். ‘கைமோசக் கொலை என்று போட்டிருக்கிறார்கள், ரெண்டு மூன்று வருடத்தில் வந்துவிடுவான்’ என்று ஒரு தாய் நம்பிக்கொண்டு போனால், அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நீங்கள்தான்.

ஆங்கிலேயர் மேன்ஸ்லாட்டர் என்று ஒரே பெட்டியில் போடுவதை ஜெர்மன்காரர் பிரித்து வைத்திருக்கிறார்கள். சீண்டப்பட்டு ஆத்திரத்தில் கொன்றால் 213: டோட்ஷ்லாக்கின் இலேசான வகை, ஒன்று முதல் பத்து வருடம். அடிக்கத்தான் நினைத்தார், ஆள் செத்துப்போனான் என்றால் 227. கவனக்குறைவால் சாவு என்றால் 222: ஐந்து வருடம் வரை, அல்லது வெறும் அபராதத்தோடும் முடியலாம். கைமோசம் என்ற சொல்லின் தொனி இந்தக் கடைசிக்குத்தான் கிட்ட வருகிறது. டோட்ஷ்லாக்குக்கு நான் கோர்ட்டில் மொழிபெயர்க்கும்போது சொல்வது: ‘வேண்டுமென்றே செய்த கொலை’. மோர்டுக்கு: ‘சட்டம் குறிப்பிடும் கொடிய காரணத்தோடோ கொடிய முறையிலோ செய்த கொலை’. நீளம்தான். வாய் வலித்தாலும் பரவாயில்லை.

‘திட்டமிட்டால் மோர்ட், திட்டமிடாவிட்டால் டோட்ஷ்லாக்’ என்று குறிப்பு வேறு எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மன்காரர்களே பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், டிவி பார்த்து. 1941க்கு முந்திய சட்டம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அந்த வருடம் எழுதிய 211ஆம் பிரிவு இன்றைக்கும் நிற்கிறது, அதில் திட்டமிடல் என்ற பேச்சே இல்லை. கொலைவெறி, பாலியல் இச்சை, பேராசை, இழிந்த நோக்கம். அசந்த நேரம் பார்த்தோ கொடூரமாகவோ பலருக்கு ஆபத்து வரும் வழியிலோ கொல்வது. இன்னொரு குற்றத்தைச் செய்யவோ மறைக்கவோ கொல்வது. இவற்றில் ஒன்று இருந்தால் மோர்ட், தண்டனை ஆயுள். ஒன்றும் இல்லையென்றால், ஆறு மாதம் திட்டம் போட்டுக் கொன்றிருந்தாலும் டோட்ஷ்லாக்தான். அந்தப் பிரிவு ‘கொலை என்பது’ என்று தொடங்கவில்லை. ‘கொலைகாரன் என்பவன்’ என்று ஆளைச் சுட்டித் தொடங்குகிறது. நாஜிக் காலத்துச் சட்ட மூளையின் தடம் அது.

‘அசந்த நேரம் பார்த்து’ என்று எழுதினேனே, அது ‘ஹைம்ட்யூக்கெ’ என்ற சொல். நீங்கள் ‘துரோகம்’ என்று போட்டிருக்கிறீர்கள், ஆங்கில அகராதியின் வேலை. துரோகம் என்றால் முதலில் நம்பிக்கை ஒன்று இருக்க வேண்டும். நண்பன், உறவு, உப்பிட்டவர். ஹைம்ட்யூக்கெவுக்கு முன்பின் தெரியாத ஆளே போதும். தாக்குதல் வரும் என்று எதிர்பார்க்காமல், அதனாலேயே தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் இருக்கும் ஒருவரின் நிலையைப் பயன்படுத்திக்கொள்வது. படுத்துத் தூங்குகிறவரைக் கொன்றாலும் அதுதான். இந்தச் சொல்லோடு நான் வருடக்கணக்காக மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு வயதான அம்மா சாட்சி சொல்ல வந்து, ‘அவன் அசந்த நேரம் பார்த்து வெட்டிப்போட்டான் ஐயா’ என்றார். எனக்குச் சொல் கிடைத்துவிட்டது.

‘இழிந்த நோக்கம்’ பற்றியும் ஒரு வார்த்தை. அகராதி ‘தாழ்ந்த’, ‘கீழான’ என்றெல்லாம் தரும். வேண்டாம். தமிழில் அந்தச் சொற்களோடு சாதி ஒட்டிக்கொண்டு வரும். ‘இழிந்த’ போதும். இதோடு சேர்ந்தே வருவது உங்கள் 22ஆம் சொல், ‘ஏரன்மோர்ட்’. கௌரவக் கொலை என்று போட்டிருக்கிறீர்கள். ஜெர்மன் சட்டத்தில் அப்படி ஒரு குற்றம் தனியாக இல்லை. பேச்சிலும் பத்திரிகையிலும் உள்ள சொல். கோர்ட்டில் அது பெரும்பாலும் இழிந்த நோக்கம் என்ற தலைப்புக்குள் போய்விடும். தமிழ்நாட்டில் ‘இதில் என்ன கௌரவம்?’ என்று கேட்டு ‘ஆணவக் கொலை’ என்று மாற்றிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். ஒரு சாட்சி ‘ஆணவக் கொலை’ என்று சொல்லும்போது நீங்கள் பழக்கத்தில் ஏரன்மோர்ட் என்று ஜெர்மனில் சொன்னால், அவர் வேண்டுமென்றே துரத்திய கௌரவத்தை நீங்கள் திரும்பக் கூட்டிவந்து உட்காரவைக்கிறீர்கள். ‘சாதித் திமிரில் செய்த கொலை’ என்று ஜெர்மனில் விரித்துச் சொல்லுங்கள்.

இனி, பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த சொல்லுக்கு வருகிறேன்: ‘ஃபோர்சாட்ஸ்’. உள்நோக்கம் என்று போட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை. (புதுவருடத்துக்கு ஜெர்மன்காரர் ‘இனிச் சிகரெட் இல்லை’ என்று எடுக்கும் சபதமும் ஃபோர்சாட்ஸ்தான், அது தை மாதத்தோடு முடிந்துவிடும்.) சிக்கல் என்னவென்றால், சட்டத்தில் ஃபோர்சாட்ஸுக்குக் கீழ்ப்படி ஒன்று இருக்கிறது. கொல்ல வேண்டும் என்று ஆசைப்படவில்லை, ஆனால் சாவு வரலாம் என்று தெரிகிறது, வந்தாலும் வரட்டும் என்று செய்கிறார். ஜெர்மன் நீதிபதிகள் இதற்குச் சொல்லும் வாசகத்தைப் பிய்த்துப் பார்த்தால் ‘ஒப்புக்கொண்டு வாங்குவதோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்’ என்று வரும். பட்டியலில் அதை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறீர்கள். எந்தத் தமிழனுக்கும் விளங்காது. இதற்கு நம்மிடம் இரண்டு சொல்லில் வாசகம் இருக்கிறது: ‘நடந்தால் நடக்கட்டும்’. இதற்குப் பக்கத்து வீடு, கவனக்குறைவின் மேல்படி. ஆபத்து தெரியும், ஆனால் ‘ஒன்றும் ஆகாது’ என்று நம்பிச் செய்கிறார். ‘நடந்தால் நடக்கட்டும்’ என்றால் கொலை. ‘ஒன்றும் ஆகாது’ என்றால் 222.

இது எவ்வளவு மெல்லிய கோடு என்று பெர்லின் வழக்கு ஒன்று காட்டியது. 2016 பிப்ரவரி 1ஆம் திகதி நள்ளிரவுக்குப் பின், குர்ஃபூர்ஸ்டென்டாம் வீதியில் இரண்டு இளைஞர் கார்ப் பந்தயம் விட்டார்கள். சிவப்பு விளக்குகளைத் தாண்டி, மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல். குறுக்கே பச்சை விளக்கில் வந்த 69 வயதுக்காரர் இறந்தார். பெர்லின் மாநில நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் இருவருக்கும் மோர்ட் என்று ஆயுள் தண்டனை கொடுத்தது. 2018 மார்ச்சில் கூட்டாட்சி உயர்நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது: ‘நடந்தால் நடக்கட்டும்’ என்ற எண்ணம் எந்தக் கணத்தில் வந்தது, காரைத் திருப்ப நேரம் இருந்த கணத்திலா என்பது நிறுவப்படவில்லை. 2019இல் பெர்லின் திரும்பவும் மோர்ட் என்றது. 2020 ஜூனில், மோதிய காரை ஓட்டியவருக்கு மட்டும் அது உறுதியானது. மற்றவருக்கு 2021இல் கொலை முயற்சி என்று 13 வருடம். ஐந்து வருடமாக மேலும் கீழும் கோர்ட்டுகள் அலசியது, ஓர் ஆளின் மனதுக்குள் ‘வரட்டும்’ இருந்ததா ‘வராது’ இருந்ததா என்பதைத்தான். இப்படிப்பட்ட இடத்தில் மொழிபெயர்ப்பாளர், ‘எனக்கு ஒன்றும் ஆகாதென்று நினைத்தேன்’ என்று ஒருவர் சொல்வதை ‘எனக்குக் கவலையில்லை’ என்ற ஜெர்மனாக மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பட்டியல் சுவிஸ் தமிழர் கைக்கும் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இதையும் கேளுங்கள். ஆஸ்திரியாவில் ஒருவரை வேண்டுமென்று கொன்றால் அதுவே மோர்ட், கொடிய நோக்கம் என்று வேறெதையும் தேட வேண்டியதில்லை. டோட்ஷ்லாக் என்பது, யாருக்கும் வரக்கூடிய கடும் உணர்ச்சிக் கொந்தளிப்பில் செய்த கொலை. சுவிஸிலும் டோட்ஷ்லாக் அந்தக் கொந்தளிப்பு வகைதான், ஒன்று முதல் பத்து வருடம். சுவிஸில் ஒரு வசதி உண்டு. சட்டம் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி மூன்றிலும் சரிசமமாகச் செல்லும், ஆகவே எந்தச் சொல்லுக்கு எது இணை என்று சட்டமே காட்டும். அங்கே மோர்ட் பிரெஞ்சில் ‘அசாசினா’, டோட்ஷ்லாக் ‘மர்த்ர் பாசியோனெல்’, ஆத்திரக் கொலை. ஜெர்மனியின் 212க்கு அந்த பிரெஞ்சுச் சொல்லைப் போட்டால் முழுப் பிழை. வெறும் ‘மர்த்ர்’தான் கிட்ட வரும். பெர்லினிலும் சூரிக்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே சொல், பொருள் வேறு. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் நாட்டையும் பிரிவு எண்ணையும் எழுதுங்கள்.

திருட்டுப் பக்கத்தில் உங்கள் பிழை ஆங்கிலத்தால் வந்ததில்லை, தினசரிகளால் வந்தது. ‘ரவுப்’ என்பதற்குக் கொள்ளை. சட்டப்படி சரிதான். ஆனால் நம் பேப்பர்கள் ‘பூட்டை உடைத்து 40 பவுன் கொள்ளை’ என்று எழுதுகின்றன, வீட்டில் ஒரு குஞ்சும் இல்லாதபோதும். ஜெர்மனில் அது ரவுப் ஆகாது. வீடு உடைத்துத் திருட்டு. ரவுப்புக்கு ஓர் ஆள் மேல் வன்முறை இருக்க வேண்டும், அல்லது உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற மிரட்டல். ‘அடித்தோ மிரட்டியோ பறித்தல்’ என்று போடுங்கள். கடையில் ஷாம்பு திருடியவர், தடுத்த காவலாளியை அந்த ஷாம்பு கையை விட்டுப் போகாமல் இருக்கத் தள்ளிவிட்டால், பத்து யூரோத் திருட்டு அந்த நிமிடமே 252ஆம் பிரிவுக்குப் போய்விடும், பறித்தவருக்குள்ள தண்டனை. ‘சும்மா தள்ளினேன்’ என்று அவர் சொல்வார். ‘தள்ளினேன்’ என்பதைத் தள்ளினேன் என்றே ஜெர்மனில் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

அடுத்தது என் சொந்தப் பிழை. தொழிலுக்கு வந்த புதிதில் ‘கெஃபேர்லிஷெ கொர்பர்ஃபெர்லெட்சுங்’ என்பதை ‘ஆபத்தான காயம்’ என்று சொல்லிவிட்டேன். எதிரி துள்ளி எழும்பி, ‘ரெண்டு தையல்தானே போட்டது, ஆபத்து எங்கே?’ என்று கத்தினார். நியாயமான கேள்வி. ஜெர்மன் சட்டம் ஆபத்து என்று சொல்வது அடித்த விதத்தை: போத்தல், கத்தி, நஞ்சு, இரண்டு பேர் சேர்ந்து அடித்தது. காயம் சின்னதாகவே இருக்கலாம். காயத்தின் விளைவைப் பார்ப்பது ‘ஷ்வேர’ என்ற அடுத்த வகை: கண் போனது, பேச்சுப் போனது, முக்கியமான உறுப்பு போனது, முகம் நிரந்தரமாகச் சிதைந்தது. அதற்கு நீங்கள் ‘கொடுங்காயம்’ போட்டிருக்கிறீர்கள். கிட்டத்தான் நிற்கிறது, ஆனால் நம் ஊர்ச் சட்டத்தில் எலும்பு முறிந்தாலே கொடுங்காயம். இங்கே கை முறிந்து ஒட்டிக்கொண்டால் ஷ்வேர ஆகாது. ‘ஆபத்தான முறையில் காயப்படுத்தியது’, ‘நிரந்தரப் பாதிப்பு வரும்படி காயப்படுத்தியது’ என்று இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

அபராதம் என்ற சொல்லை ஏழு இடத்தில் போட்டிருக்கிறீர்கள். மையத்துக்கு வருகிறவர்களுக்கு அதிகம் தேவைப்படுவதும் இதுதான். கொலை கொள்ளையோடு யாரும் உங்களிடம் வரப்போவதில்லை, ட்ராம் டிக்கெட்டோடுதான் வருவார்கள். டிக்கெட் எடுக்காமல் வித்தவுட்டில் போய்ப் பிடிபட்டால் கையில் கொடுக்கும் 60 யூரோச் சீட்டு அரசுத் தண்டனையே இல்லை. போக்குவரத்து நிறுவனம் கேட்கும் கூடுதல் கட்டணம். சிவப்பு விளக்கில் போனால் வருவது ‘பூஸ்கெல்ட்’, விதிமீறலுக்கான தண்டப்பணம். குற்றத்தில் சேராது, தண்டனை பெற்றவர் என்ற பெயரும் வராது. ‘கெல்ட்ஷ்ட்ராஃபெ’ மட்டும்தான் குற்றத்துக்கான அபராதத் தண்டனை. திரும்பத் திரும்ப வித்தவுட்டில் போய், நிறுவனம் 265ஏ பிரிவில் முறைப்பாடு கொடுத்தால் அதுவும் வரலாம். ‘முன்பு தண்டனை பெற்றீர்களா?’ என்று குடியுரிமைப் படிவம் கேட்கும்போது, மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல் இருந்தால் பாவம், மனுஷன் கார் வேகமாக ஓட்டியதற்கெல்லாம் ‘ஆம்’ போடுவார்.

கெல்ட்ஷ்ட்ராஃபெயை நாள் கணக்கில் எழுதுவார்கள்: ‘தலா 15 யூரோ வீதம் 30 டாகெஸ்சாட்ஸ்’. 450 யூரோ, அவ்வளவுதான். அவருடைய ஒருநாள் நிகர வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், பணக்காரருக்கும் உறைக்கட்டும் என்று. உங்கள் பட்டியலில் ‘30 நாள் தண்டனை’ என்று இருக்கிறது. அதைக் கேட்டவர் உடுப்பு மூட்டை கட்டிக்கொண்டு வருவார். ‘30 நாள் வருமான அளவு அபராதம்’ என்று போடுங்கள். கட்டவே இல்லை என்றால் உள்ளே போகவேண்டி வரும் என்பது உண்மை; 2024 பிப்ரவரியில் இருந்து இரண்டு டாகெஸ்சாட்ஸுக்கு ஒரு நாள் சிறை.

இதெல்லாம் பெரும்பாலும் ‘ஷ்ட்ராஃப்பெஃபேல்’ என்ற தாளில் மஞ்சள் உறையில் வரும். விசாரணை இல்லாமல் எழுத்தில் கொடுக்கும் தண்டனை உத்தரவு. ‘தண்டனை அறிவிப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள், அறிவிப்பு என்றால் ஆட்கள் தூக்கி மேசையில் வைத்துவிடுவார்கள். உத்தரவு என்றே போடுங்கள். ஆட்சேபிக்க இரண்டு வாரம்தான் உண்டு, உறையின் மேல் எழுதியிருக்கும் திகதியில் இருந்து. உறையை எறிய வேண்டாம் என்று அடிக்குறிப்பில் சேருங்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ‘ஆன்ட்சைகெ’யையும் ‘ஆன்ட்ராக்’கையும் புகார் என்றே போட்டிருக்கிறீர்கள். முதலாவது தகவல் சொல்வது, யாரும் கொடுக்கலாம். இரண்டாவது, ‘இவரைத் தண்டியுங்கள்’ என்று பாதிக்கப்பட்டவர் கேட்பது; திட்டியது போன்ற குற்றங்களில் அது இல்லாமல் வழக்கு நகராது, மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ‘வழக்கு ஐன்கெஷ்டெல்ட்’ என்றால் வழக்கைக் கைவிட்டார்கள். வேலைக்கு ஆள் எடுத்தாலும் அதே சொல் என்பதால் ‘நியமிக்கப்பட்டது’ என்று வந்திருக்கிறது, திருத்துங்கள். விடுதலை என்றும் போடாதீர்கள், விடுதலை வேறு. ‘பெயில்’ என்று ஆங்கிலத்திலேயே சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். கோயம்புத்தூர்க்காரரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், யாழ்ப்பாணத்தாரிடம் ‘பிணை’. விசாரணைக் காவலுக்கு அவரிடம் ‘விளக்கமறியல்’ என்றால் உடனே பிடிபடும். உங்கள் ஊரில் ‘ரிமாண்ட்’.

ஒரே சொல் கேட்டீர்கள், பல இடத்தில் இரண்டு கொடுத்திருக்கிறேன், சில இடத்தில் ஒரு வாக்கியமே கொடுத்திருக்கிறேன். பட்டியலை நாலு நிரலாகப் போடுங்கள்: ஜெர்மன் சொல்லும் பிரிவு எண்ணும், அந்தப் பிரிவு என்ன கேட்கிறது என்று ஒரு வரி, தமிழ்நாட்டுச் சொல், ஈழத்துச் சொல். ஆங்கில நிரலை எடுத்துவிடுங்கள். முடித்ததும் இன்னொருமுறை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

அதுவரை 41ஆம் சொல்லை மட்டும் இன்றைக்கே அடித்துவிடுங்கள். ‘பிராண்ட்ஷ்டிஃப்டுங்’. ‘ஷ்டிஃப்டுங்’ என்றால் அறக்கட்டளைதான், மறுக்கவில்லை. ஆனால் இது வீட்டுக்குத் தீ வைப்பது. ‘தீ அறக்கட்டளை’ என்று நோட்டீஸ் பலகையில் தொங்கினால், நம்மவர்கள் நன்கொடை கொண்டுவந்துவிடுவார்கள்.

அன்புடன்,
அக்கா